ஐந்தாவது நெற்றி

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். பழுதாகி ஓடவில்லை, அப்பா அப்படி வைத்தார். அப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த ஓட்டுநர் எவ்வளவு தாமதம் என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பார். பணிமனைக் கடிகாரத்தை வானொலி கேட்டு நொடி பிசகாமல் வைப்பார். வீட்டுக்கு வந்தால் மட்டும் பத்து நிமிடம் கூட்டி வைத்துவிடுவார்.

"உங்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொன்னாத்தான் நேரத்துக்குக் கிளம்புவீங்க" என்பது அவர் கட்சி.

இதனால் யாருக்கும் பலன் இருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்ததும் அம்மாவும் நானும் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். வைத்த அப்பாவே கழித்துக்கொள்வார். கழிக்காத ஒரே ஆள் என் தம்பி. முள் எங்கே நிற்கிறதோ அதுதான் நேரம் என்று நம்பி வளர்ந்தவன் அவன். பள்ளிக்கூடத்துக் கதவைத் திறக்குமுன் போய் வாசலில் நிற்பான். கல்யாண வீட்டில் நாற்காலி இறக்குமுன் போய், பிறகு நாற்காலி இறக்கிக்கொண்டிருப்பான். தெருவில் முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட வசதியாக அது முந்திரி ஆயிற்று. அவன் சொந்தப் பெயர் பிறப்புச் சான்றிதழில் மட்டும் இருந்தது. அந்தச் சான்றிதழில் அவன் பிறந்த நேரமும் தப்புதான். வீட்டில் பிறந்தான், வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

அவனுக்கு ரத்தம் ஆகாது. நான் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் எனக்கு முன்னால் அவன் விழுவான். என் விரலை அப்படியே விட்டுவிட்டு அவன் முகத்தில் தண்ணீர் தெளிப்பேன். அதனால் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான். எட்டு மாதம் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கினான். ராணுவத்துக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மைதானத்துக்குப் போனான். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இவன் போனபோது மைதானத்தில் ஒரே ஒரு வரிசைக்குத்தான் பலகை வைத்திருந்தார்கள். அதில் முதல் ஆளாக நின்றான். அது மருத்துவ உதவியாளர் வரிசை. ஓட்டுநர் பலகையைப் பத்து நிமிடம் கழித்துக் கொண்டுவந்து நட்டார்களாம்.

சாயங்காலம் வந்து சொன்னான்.

"டேய், உனக்குத்தான் ரத்தமே ஆகாதேடா. அதைச் சொல்லலையா?"

"சொன்னேன்க்கா."

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க."

பயிற்சியில் முதல் மாதம் நான்கு முறை மயங்கி விழுந்தான். ஐந்தாவது முறை விழ நேரமில்லை என்று கடிதம் எழுதினான். பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டு விழுந்துவிட்டானாம், அவனைப் பிடிக்க வேண்டியிருந்ததாம். அதற்குப்பிறகு என் தம்பி விழவில்லை. ஆண்டவன் ஒருவனை நிமிர்த்த இன்னொருவனைப் படுக்க வைக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவன் வேலை இதுதான்: குண்டடி பட்டுக் கிடக்கிறவனிடம் போக வேண்டும், ரத்தத்தை நிறுத்த வேண்டும், வண்டி வரும் இடம்வரை கொண்டுவர வேண்டும். கையிலோ காலிலோ பெரிய காயம் என்றால் அதற்கு மேலே ஒரு பட்டையைச் சுற்றி, அதில் உள்ள குச்சியைத் திருகி இறுக்குவார்கள். இறுக்கினால் ரத்தம் நிற்கும். ஆனால் அதிக நேரம் இறுகியிருந்தால் காலே செத்துவிடும். அதனால் கட்டிய நேரத்தை அடிபட்டவன் நெற்றியிலேயே கறுப்பு மையால் எழுதிவிட வேண்டும். காகிதத்தில் எழுதினால் பறந்துவிடும், சட்டையில் எழுதினால் கிழித்துவிடுவார்கள். நெற்றி எங்கும் போகாது.

விடுமுறைக்கு வந்தால் கை மறந்துபோகக் கூடாது என்று எங்களை உட்காரவைத்துப் பழகுவான். பெரும்பாலும் அகப்படுவது என் வீட்டுக்காரர். அவருக்கு எடைமேடையில் வேலை. லாரியை ஏற்றி எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பார். எதுவும் கிலோவுக்குக் கிலோ சரியாக இருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒருநாள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தொடையில் பட்டையைக் கட்டினான் தம்பி.

"அத்தான், கத்துங்க."

"எதுக்கு மச்சான்?"

"அடிபட்டவன் கத்துவான். சும்மா இருந்தா எனக்குப் பழக்கம் வராது."

அவர் மரியாதையாக ஒருமுறை கத்தினார். இவன் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவர் நெற்றியில் ஆறு நாற்பது என்று எழுதினான். அப்பா இறந்த வருடத்தில் அவனுக்கு வந்த கடிகாரம் அது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். அதையும் பத்து நிமிடம் முன்னால் வைத்துத்தான் கட்டியிருந்தான். ராணுவத்தில் பத்து நிமிடம் முன்னால் வருகிறவனை யாரும் திட்டுவதில்லை. அதனால் எட்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தார். தன் கடிகாரத்தையும் பார்த்தார்.

"மச்சான், இப்போ ஆறு முப்பதுதான் ஆகுது. நீ கூட எழுதினா டாக்டர் கணக்குத் தப்பாப் போயிடாதா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "ஆமால்ல அத்தான். இனிமே கழிச்சு எழுதணும்" என்றான்.

அன்று அவர் நெற்றியைக் கழுவ மறந்து கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லையாம், மணி பார்த்துக்கொண்டாராம். மறுநாள் அம்மா கையில் கட்டிப் பழகினான். அப்போதும் வீட்டு நேரத்தைத்தான் எழுதினான்.

அவன் இறந்துபோனபோது முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதில் மட்டும் அவன் முந்தவில்லை.

முதலில் இரண்டு பேர் வந்து செய்தி சொன்னார்கள். இருவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். அம்மா அவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் அழுதாள்.

பிறகு ஒரு பெட்டி வந்தது. மூன்று சட்டை, ஒரு செருப்பு, சவரக் கருவி, நான் தைத்துக் கொடுத்த தலையணை உறை, அப்பாவின் கைக்கடிகாரம். குண்டு அதிர்ச்சியில் கடிகாரம் நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாத மனிதர் தெரிந்ததைச் செய்தார். தட்டிப் பார்த்துச் சாவி கொடுத்து, தன் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரியாகத் திருப்பி வைத்தார். அது எத்தனை மணியில் நின்றிருந்தது என்று எங்களில் யாரும் பார்த்துவைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ராணுவ அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முகாம் வாசலில் தம்பி பெயரில் கல் வைக்கப்போகிறார்கள். அதில் வெட்டவேண்டிய வாசகத்தை அனுப்பியிருக்கிறார்கள். பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பெயர் சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே, ‘காயமுற்ற நால்வருக்கு உதவிய பின், திசை தவறிச் சென்றபோது, மாலை நான்கு ஐம்பத்தைந்துக்குக் குண்டு வீச்சில் உயிர் நீத்தார்' என்று இருந்தது.

அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

"திசை தவறியா? என் பிள்ளையா?"

"அப்படித்தான் போட்டிருக்காங்கம்மா."

"எங்கே போனாலும் முதல்ல போய் நின்னவன்டி அவன். வழி தெரியாதவன் எப்படி முதல்ல போவான்?"

நான் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு மடிப்பேன். அன்று மடித்ததை எல்லாம் மேற்பார்வையாளர் பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொன்னார். கல்லில் வெட்டினால் பிரித்துப் போட முடியாதே என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே சமையல்காரர் வந்தார். தம்பியின் முகாமில் சமைத்தவர். கைத்தடி ஊன்றி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார். பெரிய உடம்பு. அம்மா காலில் விழப் பார்த்தார். குனிய முடியவில்லை.

"விழுந்துட்டேன்னு வெச்சுக்குங்கம்மா" என்றார்.

நடந்ததை அவர் சொல்லித்தான் முழுசாகக் கேட்டோம். நான்கு மணி தாண்டிக் குண்டு விழ ஆரம்பித்திருக்கிறது. சாலையோரச் சுவரை ஒட்டி நான்கு பேர் விழுந்திருக்கிறார்கள். தம்பி நான்கு பேருக்கும் கட்டியிருக்கிறான். வண்டி வந்து முதல் மூன்று பேரை ஏற்றிப்போயிருக்கிறது. நான்காவது ஆளைச் சுவர் மறைவில் சேர்த்திருக்கிறான். சமையல்காரர் இவர்களோடு இல்லை. அறுபதடி தள்ளி, வெட்டவெளியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிடந்திருக்கிறார். புகையில் அவர் அங்கே கிடப்பது யாருக்கும் தெரியவில்லை.

"நான் கூப்பிடக்கூட இல்லம்மா. குரல் வரல. அவராத்தான் ஊர்ந்து வந்தார். வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? ‘அண்ணே, நேத்துச் சாப்பாட்டுல உப்பே இல்ல'ன்னார்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசிரு போற நேரத்துலயும் எனக்குக் கோவம் வந்துருச்சு. ‘எவன் சொன்னான், நான் சரியாத்தான் போட்டேன்'னு சண்டைக்குப் போனேன். பேசி முடிக்கறதுக்குள்ள காலைக் கட்டிட்டார். நெத்தியில எழுதினார். ‘தூக்க ஆள் கூட்டிட்டு வரேண்ணே, பத்து நிமிஷம்'னார். திரும்பினார். பதினஞ்சடி போயிருப்பார்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை.  அம்மா, "உப்பு இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கம்மிதாம்மா" என்றார் அவர்.

"இதையெல்லாம் நீங்க அவங்ககிட்டச் சொல்லலையா?" என்றேன் நான்.

"சொன்னேன். ரத்தம் போனதுல எனக்குக் குழப்பம்னு எழுதிட்டாங்க. மருத்துவமனையில என் நெத்தியைப் பாத்துச் சீட்டுல ஏத்தியிருக்காங்க, அஞ்சு மணி ஒரு நிமிஷம்னு. உங்க தம்பி போனது நாலு அம்பத்தஞ்சுக்கு. ஒயர்லெஸ்ல சொன்ன நேரம் அது. செத்துப்போனவர் ஆறு நிமிஷம் கழிச்சு எப்படிக் கட்டுப்போட முடியும்னு என்னையே கேக்கறாங்க. என்னைக் கட்டினது யாரோ பேர் தெரியாத ஆளாம். உங்க தம்பி வெட்டவெளியில கிடந்தது திசை தவறி வந்ததாலயாம்."

நான் சுவரைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து கைக்கடிகாரத்தை எடுத்தார். ஐந்து மணி ஒரு நிமிடத்தில் பத்தைக் கழித்தால் நான்கு ஐம்பத்தொன்று. தம்பி அப்போது உயிரோடு இருந்தான். இன்னும் நான்கு நிமிடம் இருந்தான். அதைக் காட்டக்கூடிய ஒரே பொருள், குண்டு விழுந்தபோது ஐந்து ஐந்தில் நின்றிருக்கக்கூடிய அந்தக் கடிகாரம். அதை நான்கு மாதத்துக்கு முன்பே அவர் சரிசெய்துவிட்டார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

"சரியாத்தானே வெச்சீங்க" என்றேன்.

"அதைத்தான் சொல்றேன்."

அம்மாவுக்கு வேறு கவலை. சமையல்காரர் போனதும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"இதைப் போய்ச் சொன்னா, எல்லாருக்கும் தப்பான நேரம் எழுதினான்னு ஆகாதா?"

"ஆகும்மா."

"அதனால யாருக்காவது கால் போயிருந்தா?"

எனக்கும் அதே பயம்தான். இரண்டாவது ஆளுக்கு இடது கால் இல்லை என்று சமையல்காரர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாலு பேர் போதும்டி. திசை தவறின பிள்ளையா இருந்துட்டுப் போகட்டும். கால் போக்கின பிள்ளையா வேண்டாம்."

அன்று முழுக்கக் கடவுளிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது கை ஓடவில்லை. அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் மருத்துவமனைக்குப் போனேன். அந்த ஐந்து பேரையும் பார்த்த டாக்டர் அங்கே இருந்தார். கை கழுவிக்கொண்டே நான் சொல்வதைக் காதில் வாங்கினார். நெற்றியில் இருந்த நேரம் எல்லாமே பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால், உண்மையில் பட்டை நீங்கள் நினைத்ததைவிடப் பத்து நிமிடம் அதிகமாக இறுகியிருக்கும், அதனால் அந்த இரண்டாவது ஆளின் கால் போயிற்றா என்று கேட்டேன். 

"அவர் கால் குண்டுலயே போயிடுச்சும்மா. இங்க வரும்போதே இல்ல" என்றார். "மத்தவங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள அவிழ்த்துட்டோம். இன்னும் பத்து நிமிஷம் கூட்டினாலும் உள்ளதான் வரும்."

"அப்படி எழுதித் தருவீங்களா ஐயா?"

எழுதித் தந்தார். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றாள்.

ராணுவ அலுவலகத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். எட்டு மேசை, ஒரு மின்விசிறி. எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார்.

"பேரு சரியா இருக்கான்னு மட்டும்தாம்மா கேட்டிருக்கோம்."

"பேரு சரியா இருக்குங்க."

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

"நேரம் தப்பா இருக்குங்க."

"நேரத்துக்கு நீங்க கையெழுத்துப் போட வேண்டாம்."

வீட்டுக் கடிகாரத்தின் கதையைச் சொன்னேன். அப்பா, பணிமனை, பள்ளிக்கூட வாசல் எல்லாம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தக் கைக்கடிகாரம் இருக்கா?" என்றார்.

என் வீட்டுக்காரர் எடுத்து மேசைமேல் வைத்தார். எழுத்தர் அதைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரியாத்தானே ஓடுது?"

"நான்தாங்க சரி பண்ணினேன்" என்றார் என் வீட்டுக்காரர். கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல்.

எழுத்தருக்கு எங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. அவர்கள் எதையும் ஏனோதானோ என்று எழுதவில்லை என்று காட்டக் கோப்பைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாருங்கம்மா, ஒவ்வொண்ணா சரிபார்த்திருக்கோம். இந்த மூணாவது ஆளு நெத்தியில நாலு முப்பத்தாறுன்னு இருந்துச்சு. ஆனா அவரை ஏத்திக்கிட்டு வண்டி நாலு முப்பதுக்கே கிளம்பிடுச்சு. கிளம்பின வண்டிக்குப் பின்னாடி ஓடிப்போய்க் கட்ட முடியுமா? அதனால எழுத்துப் பிழைன்னு முடிவு பண்ணி, நாலு இருபத்தாறுன்னு திருத்தியிருக்கோம்."

முப்பத்தாறைச் சிவப்பு மையால் அடித்து மேலே இருபத்தாறு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் முத்திரைகூட இருந்தது.

"எத்தனை நிமிஷங்க திருத்தினீங்க?" என்றேன்.

"பத்து."

சொல்லிவிட்டு அவர் கோப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் வெளியிடத்தில் அதிகம் பேசமாட்டார்.

"எடைமேடை பத்து கிலோ கூடக் காட்டுச்சுன்னா, ஏறுற எல்லா லாரிக்கும் கூடத்தாங்க காட்டும். ஒரு லாரிக்கு மட்டும் காட்டாது."

எழுத்தர் ஐந்து நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றிலும் பத்தைக் கழித்தார். விரல்விட்டுத்தான் கழித்தார். கடைசியில் நான்கு ஐம்பத்தொன்று என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

"அம்மா, இதை எழுதினா உங்க தம்பி தப்பான நேரம் போட்டார்னு சேர்த்துத்தான் எழுதணும். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுத முடியாது. யோசிச்சீங்களா?"

"யோசிச்சுத்தாங்க வந்தோம். தப்பு அவன் பண்ணினதுதானே, எழுதுங்க. திசை தவறினது அவன் பண்ணல, அதை எடுத்துடுங்க."

டாக்டர் எழுதித் தந்ததையும் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்துக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

கல் வைத்த அன்று பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அம்மா வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எங்களை விரட்டினாள். நாங்கள் போனபோது இன்னும் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் ஒரு பக்கம் பிடித்தார். கல்லில், ‘காயமுற்ற ஐவருக்கு உதவினார். ஐந்தாம் நபரைத் தேடிச் சென்று காத்து, மாலை நான்கு ஐம்பத்தைந்துக்கு உயிர் நீத்தார்' என்று வெட்டியிருந்தது. கடிகாரத்தைப் பற்றிக் கல்லில் இல்லை. கோப்பில் இருக்கிறது: ‘அன்னாரது கைக்கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடியதாகக் கண்டறியப்பட்டது. இனி எல்லோரும் தினமும் நேரம் சரிபார்க்கவும்.' சமையல்காரர் அந்தக் கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். உப்பு விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

இப்போது அம்மா தினமும் நான்கு ஐம்பத்தைந்துக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பிரார்த்தனை செய்கிறாள். நான் சில நாள் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"அம்மா, நீ நம்ம வீட்டுக் கடிகாரத்தைப் பாத்து உக்கார்றே. உண்மையில இப்போ நாலு நாப்பத்தஞ்சுதான்."

"தெரியும்டி."

"அந்த நேரத்துல அவன் இன்னும்…"

"தெரியும்னு சொன்னேன்ல. வாயை மூடிக்கிட்டு உக்காரு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு ஒன்றும் செய்யாமல் அவரும் வந்து உட்கார்ந்தார்.